ஸ்டுடியோ வேண்டாம், மெத்தை அறை போதும்

வாசகர் கேள்வி:

அண்ணே, எனக்குப் பள்ளத்தூர். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். சாஃப்ட்வேர் உலகத்தில் அந்தந்த வாரம் நடந்ததைத் தமிழில் அரை மணி நேர வீடியோவாக வாராவாரம் போட வேண்டும் என்று ஆசை. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஒரு எபிசோடு எடுத்துப் பார்த்தேன். படம் அருமை, ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. அதை எடிட் பண்ணியே சனி, ஞாயிறு இரண்டும் போய்விட்டது. எந்த கேமரா வாங்கலாம்? செய்தியை எங்கே எடுப்பது? கோவையில் இருக்கும் நண்பனையும் சேர்த்துக்கொள்ளலாமா? இதில் வருமானம் வருமா?

பதில்:

தம்பி, கேமரா கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். கையில் இருக்கிற போன் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கேமராவும் இல்லை, குரலும் இல்லை. "சனி, ஞாயிறு இரண்டும் போய்விட்டது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். டிவி செய்திப் பிரிவில் எடிட்டராக இருந்து, இப்போது காரைக்குடியில் கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ எடுத்துக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வாராந்திர நிகழ்ச்சி பணம் இல்லாமல் நின்று நான் பார்த்தது குறைவு, ஆள் சலித்துப்போய் நின்றதுதான் அதிகம். முதல் நாலு வாரம் உற்சாகத்தில் ஓடும். அஞ்சாவது வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து வரும், ஆறாவது வாரம் ஆபீசில் ரிலீஸ் வரும், அத்தோடு சரி. அதனால் உங்களுடைய பட்ஜெட் 15,000 ரூபாய் என்று நினைக்காதீர்கள். வாரத்துக்கு ஆறேழு மணி நேரம், அதுதான் பட்ஜெட். அதில் நாலு மணி நேரம் படிப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் போக வேண்டும், ரெக்கார்டிங்குக்கு ஒன்றரை, மிச்சம் அப்லோடுக்கு. எடிட்டிங் என்று தனியாக ஒன்று இருக்கவே கூடாது.

எப்படி என்றால், டிவியில் செய்தி நேரலையில் போகும்போது யாரும் பின்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதில்லை. எந்தக் காட்சி எப்போது வர வேண்டும் என்பதைப் பேசும்போதே மாற்றிவிடுவார்கள். அதைத்தான் நீங்களும் செய்யப்போகிறீர்கள். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இலவசம். அதில் மூன்று காட்சி போதும்: உங்கள் முகம் மட்டும், திரை மட்டும், திரையின் மூலையில் சின்னதாக முகம். மூன்றுக்கும் கீபோர்டில் ஒவ்வொரு கீ ஒதுக்கிவிட்டால் பேசிக்கொண்டே மாற்றிக்கொள்ளலாம், இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும். போனை ட்ராய்ட்கேம் மாதிரி ஒரு ஆப் வழியாக, வைஃபையில் இல்லாமல் கேபிளில், லேப்டாப்போடு இணையுங்கள். போனிலிருந்து வரும் படம் குரலுக்குக் கொஞ்சம் பின்தங்கும். கேமரா முன்னால் ஒரு தடவை கை தட்டி ரெக்கார்டு செய்து பார்த்து, எத்தனை மில்லி வினாடி வித்தியாசமோ அதை ஓபிஎஸ்ஸின் ஆடியோ பகுதியில் சிங்க் ஆஃப்செட் என்ற இடத்தில் போட்டுவிடுங்கள். இணைப்பை மாற்றாதவரை அந்த எண் பெரிதாக மாறாது.

அப்புறம் ஒரு விஷயம், இதுதான் உங்கள் சனி, ஞாயிறைத் திருப்பித் தரப்போவது. மொத்த எபிசோடையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு செய்தியையும் தனித்தனிக் கோப்பாக எடுங்கள். மூன்றாவது செய்தியில் நாக்கு குழறினால் அந்தச் செய்தியை மட்டும் மறுபடி முதலிலிருந்து பேசுங்கள், பழைய கோப்பை அழித்துவிடுங்கள். எல்லாம் ஒரே செட்டிங்கில் எடுத்தவை என்பதால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் வரிசையாகப் போட்டு, ரெண்டரிங் (வீடியோவை மறுபடி முழுசாக உருவாக்கும் வேலை) எதுவும் இல்லாமல் சில நிமிடத்தில் ஒட்டிவிடலாம். நடுவில் இருமல், "ம்ம்ம்", அண்டங்காக்கை கத்தியது எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதையெல்லாம் வெட்டி எடுக்கப் போய்த்தான் ஞாயிற்றுக்கிழமை போகிறது.

ரெக்கார்டிங் ஃபார்மேட்டை எம்கேவி என்று வையுங்கள். சாதாரண எம்பி4 கோப்பில் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் மெஷின் ஹேங் ஆனாலோ, டெஸ்க்டாப்பாக இருந்து கரண்ட் போனாலோ முழுக் கோப்பும் திறக்காமல் போகும். எம்கேவி என்றால் நின்ற நொடி வரைக்கும் மிஞ்சும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். ஓபிஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் ஹைப்ரிட் எம்பி4 என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இந்தப் பாதுகாப்பைத் தரும்.

இப்போது குரல். முகப்பில் தரை ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் பளபளவென்று இருப்பது. சுவர் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் வழுக்கும். மேலே எட்டாத உயரத்தில் கூரை. சத்தத்தை உறிஞ்சுகிற பொருள் ஒன்றுகூட அங்கே கிடையாது, நீங்கள் பேசுவதெல்லாம் சுவருக்குச் சுவர் மோதி மறுபடி மைக்குக்குள் விழுகிறது. பின்னால் ஓடுகிற ஃபேன் இரைச்சலைக்கூட மென்பொருளால் ஓரளவு நன்றாகவே நீக்கிவிடலாம். எதிரொலி அப்படி இல்லை. இப்போது வந்திருக்கும் ஏஐ கருவிகள் அதையும் குறைக்கின்றன என்றாலும் குரலில் ஒரு செயற்கைத்தனம் ஏறிவிடும், தமிழில் ழ, ள எல்லாம் கரைந்துபோகும். மூலத்திலேயே சரி செய்வதுதான் வழி.

வளவிலும் உட்காராதீர்கள். மேலே திறந்த வானம், புறா, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மழை வந்தால் தகரத்தில் விழுகிற சத்தம். வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில் ஒன்றில் கல்யாணச் சீருக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் பீரோவுமாக அடுக்கி வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த அறைதான் உங்கள் ஸ்டுடியோ. உள்ளே நின்று பலமாக ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் "ங்" என்று ஒரு வால் ஓடினால் இன்னும் துணி வேண்டும் என்று அர்த்தம், சட்டென்று அறுந்தால் சரி. மெத்தையை எல்லோரும் தங்கள் முதுகுக்குப் பின்னால் வைப்பார்கள். அது அவ்வளவாக உதவாது. நம் குரல் முன்னால்தான் போகிறது, எதிர்ச் சுவரில் பட்டுத்தான் திரும்புகிறது, ஆகவே கேமராவுக்குப் பின்னால், உங்கள் முகத்துக்கு நேர் எதிரே இரண்டு மெத்தையை நிறுத்திச் சாய்த்து வையுங்கள். காலுக்குக் கீழே ஜமுக்காளம். உங்கள் பின்னணியில் மரவேலை செய்த கதவு அழகாகத் தெரிந்துகொண்டு போகட்டும். முகப்பு வீணாகிறதே என்று இருந்தால் அங்கே பத்து நொடி டைட்டில் காட்சி ஒன்றை ஒரே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் அதையே போடுங்கள், அதற்கு உங்கள் குரல் தேவையில்லை.

மைக் என்றால் சட்டையில் குத்துகிற வயர் மைக், ஆயிரம் ரூபாயை ஒட்டி போயா மாதிரி கம்பெனிகளில் கிடைக்கும். லேப்டாப்பில் ஹெட்செட்டுக்கு ஒற்றை ஓட்டை இருந்தால் பெரும்பாலும் நேராகச் சொருகலாம், இரண்டு ஓட்டை என்றால் ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள். கஞ்சி போட்ட சட்டை வேண்டாம், உரசுகிற சத்தம் அத்தனையும் கேட்கும். குரல் அளவைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள், ஏனென்றால் யூடியூப் சத்தம் கூடிய வீடியோவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைக்குமே தவிர, குறைந்த சத்தத்தைக் கூட்டித் தராது. அறை இருட்டாக இருக்கும், ஒரு எல்இடி லைட் வாங்கி எதிரே மெத்தைக்கு மேலே தெரியும் வெள்ளைச் சுவரில் அடித்துத் திரும்புகிற வெளிச்சத்தில் உட்காருங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் கேமரா ஆப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள், நம் ஊர் கரண்ட் அது. ட்ரைபாட் ஒன்று, ஹெட்போன் ஒன்று, மோடத்துக்கு ஒரு குட்டி யூபிஎஸ். இவ்வளவும் சேர்ந்தே உங்கள் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனால் அதிகம். மீதியைச் செலவழிக்காமல் வைத்திருங்கள், ஏதாவது ஒன்று கெட்டுப்போகும்.

திரையில் எழுத்து அளவு பற்றியும் சொல்ல வேண்டும், சாஃப்ட்வேர் ஆட்கள் எடுக்கிற வீடியோக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இதில்தான் விழுகின்றன. நீங்கள் 24 இன்ச் மானிட்டரில் பார்த்துப் பேசுகிறீர்கள், பார்ப்பவர் காரைக்குடி-மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ப்ரோக்ராம் எழுதும் எடிட்டரில் எழுத்தை 28க்கு ஏற்றுங்கள், ஒரு திரைக்குப் பன்னிரண்டு வரிக்கு மேல் ப்ரோக்ராம் கோடு வேண்டாம்.

செய்திக்கு வருவோம். அரை மணி நேரத்தை முதலில் விடுங்கள், பன்னிரண்டு நிமிடம் போதும். பெரிய செய்தி ஒன்று ஐந்தாறு நிமிடத்துக்கு, நடுத்தரமாக இரண்டு, கடைசியில் ஒரு துணுக்கு. தலைப்புகளை வாசிக்க வேண்டாம். தலைப்புகள் உங்கள் பார்வையாளருக்கு ஏற்கனவே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. அவருக்கு வராதது வேறு: இது என்னைப் பாதிக்குமா, பாதித்தால் திங்கட்கிழமை ஆபீசில் நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு உதாரணம். 2024 மார்ச் 29ஆம் தேதி எக்ஸ்இசட் விவகாரம் வெளியே வந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், தன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் லாகின் (தொலைவிலிருந்து ஒரு மெஷினுக்குள் நுழையும் வழி) சுமார் அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் தோண்டிப் பார்க்க, எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தது தெரிந்தது. வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். அந்த வாரம் எத்தனையோ வீடியோக்கள் "இணையமே ஆபத்தில்" என்று ஓடின. ஆனால் அந்தப் பதிப்புகள் போய்ச் சேர்ந்திருந்தது பெரும்பாலும் டெபியன் டெஸ்டிங், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள் போன்ற சோதனை நிலை லினக்ஸ்களுக்குத்தான். கம்பெனி சர்வர்களில் ஓடுகிற டெபியன் ஸ்டேபிளுக்கு அது போகவில்லை. இதைச் சொல்லி, டெர்மினலில் பதிப்பு எண்ணை எப்படிப் பார்ப்பது என்று உங்கள் மெஷினிலேயே காட்டி, அதன் பிறகு அந்த அரை நொடிக் கதையைச் சொன்னால் அது ஆறு நிமிடம். பார்த்தவர் ஒரு வேலையை முடித்திருப்பார், ராத்திரி வீட்டில் சொல்ல ஒரு கதையும் கிடைத்திருக்கும்.

இதற்கு மூலத்தைப் படிக்க வேண்டும், வேறு வழியில்லை. ஒரு செய்தித் தளம் எழுதியதை வைத்து நீங்கள் பேசினால் அவர்களுடைய பிழையும் உங்கள் பெயரில் வரும். ரிலீஸ் நோட்ஸ், அந்தத் திட்டத்தின் சொந்த அறிவிப்பு, பாதுகாப்புப் பிரச்சினை என்றால் சிவிஇ பதிவு (பாதுகாப்புக் குறைகளுக்கு எண் கொடுத்து வைக்கும் பொதுப் பட்டியல்), இவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்க்காமல் மைக் முன்னால் உட்காராதீர்கள். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் ரீடர் ஒன்றில் இருபது முப்பது திட்டங்களின் அறிவிப்புப் பக்கங்களைச் சேர்த்துவிட்டு, தினமும் காலையில் காபி நேரத்தில் பத்து நிமிடம் மேய்ந்தால் வாரக் கடைசியில் திணறல் இருக்காது.

இன்னொன்று, இந்தத் துறையில் செய்தியில் பாதி எப்போது வரும் என்று முன்னமே தெரியும். ரஸ்ட் மொழியின் புதுப் பதிப்பு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. கோ மொழி பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். ஜாவா மார்ச், செப்டம்பர். பைத்தான் ஒவ்வொரு அக்டோபரிலும். உபுண்டு ஏப்ரல், அக்டோபர். ரூபி என்றால் கிறிஸ்துமஸ் அன்று. இதையெல்லாம் காலண்டரில் குறித்துவிட்டால், அக்டோபர் பைத்தானுக்கு நீங்கள் செப்டம்பரில் வரும் ரிலீஸ் கேண்டிடேட்டை (வெளியீட்டுக்கு முந்தைய கடைசிக்கட்டப் பதிப்பு) வைத்தே டெமோ எடுத்துவைத்துவிடலாம், வெளியானதும் ஓட்டிப்பார்த்து உறுதி செய்தால் போதும். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை விடும், நமக்கு அது ராத்திரி பத்தரை, பதினொன்றரை. ஆகவே செவ்வாய் மாலை ரெக்கார்டு செய்கிறவன் மாதம் ஒரு தடவை பழைய செய்தி சொல்வான். வியாழன் ராத்திரியோடு பட்டியலை மூடிவிடுங்கள், வெள்ளி காலை ஆறு மணிக்கு, ஃபேன் போடாமலே உட்காரக்கூடிய நேரத்தில், ரெக்கார்டிங். சனி காலை வெளியீடு. மார்கழியில் கோயில் மைக் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும், அந்த மாதம் மட்டும் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே சொல்லிவிடும், அதையும் அதே காலண்டரில் போடுங்கள்.

பழைய செய்தியைத் தொடர்வதும் வாராந்திர நிகழ்ச்சிக்கே உரிய ஒரு வசதி, யாரும் பயன்படுத்துவதில்லை. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் தன் பிஎஸ்டி ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைக் கைவிட்டது, ஒரே வாரத்தில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதன் பழைய பதிப்பிலிருந்து கிளைத்து வால்கி பிறந்தது, 2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல் உரிமத்தோடு மறுபடி ஓப்பன் சோர்சுக்கு வந்தது. முதல் செய்தியைச் சத்தமாகச் சொன்ன எத்தனை பேர் மூன்றாவதைச் சொன்னார்கள்? புதுச் செய்தி வறண்ட வாரத்தில் இப்படி ஒன்றை எடுத்து "அது என்ன ஆச்சு" என்று சொன்னால் அதற்கென்றே ஆட்கள் வருவார்கள். ஏஐ மாடல் அறிவிப்புகளில் மட்டும் கையை இறுக்குங்கள். வாரத்துக்கு ஒன்று, அதுவும் நீங்களே ஓட்டிப் பார்த்திருந்தால். அவர்கள் வெளியிடுகிற மதிப்பெண் அட்டவணையை வாசித்துக் காட்ட உங்கள் நிகழ்ச்சி தேவையில்லை.

மற்றவர்களுடைய வீடியோ துண்டுகளைப் போடாதீர்கள். நடப்புச் செய்தியைச் சொல்வதற்கான நியாயமான பயன்பாட்டை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறதுதான், ஆனால் யூடியூபின் தானியங்கிப் பொருத்தம் சட்டம் படிப்பதில்லை, முதலில் பிடித்துவிடும், பிறகு நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

கோவை நண்பர் விஷயம். ஜூமில் அவரை அழைத்து அந்தக் குரலையே ரெக்கார்டு செய்தால் உங்கள் மெத்தை உழைப்பு முழுவதும் வீண், கேட்பவர் காதில் அவருடைய கரகரப்புதான் நிற்கும். அவரும் தன் மெஷினில் தன் குரலைத் தனியாக ரெக்கார்டு செய்து அனுப்ப வேண்டும், அதை உங்கள் கோப்போடு பொருத்த வேண்டும், அதாவது நாம் துரத்திய எடிட்டிங் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. முதல் மூன்று மாதம் அவர் திரையில் வேண்டாம். வியாழன் ராத்திரி உங்கள் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பெயருக்கும் "இதை எங்கே பார்த்தாய்" என்று கேட்கிற ஆளாக இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு அது இன்னொரு முகத்தைவிடப் பெரிய உதவி. வருத்தப்படுவார். பெயரை முதல் எபிசோடிலிருந்தே போட்டுவிடுங்கள்.

வருமானம். யூடியூப் விளம்பரப் பங்கு தர 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் கேட்கிறது (ஷார்ட்ஸ் வழி தனி). 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். உங்கள் பன்னிரண்டு நிமிட வீடியோவை ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் பார்த்தால் 48,000 பார்வை வேண்டும், வருடத்துக்கு 50 எபிசோடு என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 960. எட்டாத எண் இல்லை, ஆனால் செய்தி வீடியோவை அடுத்த மாதம் யாரும் தேடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால்தான் ஒவ்வொரு செய்தியும் தனிக் கோப்பாக இருப்பது இன்னொரு விதத்திலும் கைகொடுக்கிறது: பெரிய செய்தியில் நீங்கள் விளக்குகிற பகுதியை, "உரிமம் மாறினால் நம் கோடுக்கு என்ன ஆகும்" என்பது மாதிரி, தனி வீடியோவாகவும் போட்டுவிடுங்கள். அதைத்தான் ஒரு வருடம் கழித்தும் தேடி வருவார்கள். மற்றபடி முதல் வருடம் இதிலிருந்து கரண்ட் பில் கட்டும் அளவுக்கு வந்தாலே சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். காசை விட, நாலு கம்பெனியில் உங்கள் முகம் தெரிந்த ஆளாவதற்கு வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். வேலை நேரத்துக்கு வெளியே வேறு வருமானம் பார்க்கக் கூடாது, பொதுவெளியில் தொழில் பற்றிப் பேச அனுமதி வேண்டும் என்று பல கம்பெனிகள் அதில் எழுதியிருப்பார்கள். ஹெச்ஆருக்கு நாலு வரி மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். போனில் "பரவாயில்லப்பா" என்று சொன்னதெல்லாம் மேனேஜர் மாறினால் நிற்காது. உங்கள் கம்பெனியின் பொருள், அதன் வாடிக்கையாளர்கள், நேரடிப் போட்டியாளர்கள், இவை மூன்றையும் நிகழ்ச்சியில் தொடவே தொடாதீர்கள். ஹெச்ஆர் பதில் வருவதற்குள் மூன்று எபிசோடை வெளியிடாமல் எடுத்து, காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிற தெரிந்த பிள்ளைகள் நாலு பேரிடம் காட்டுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்த நிமிடத்தில் போனைக் கீழே வைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றில் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு மெத்தை பற்றி மட்டுமாவது சொல்கிறேன்.